பழைய பேஸ் கிட்டாரை அளக்க ஒரே ஒரு நாள் கிடைத்தால்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: 1950-களின் தொடக்கத்தில் செய்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் ஒன்றை ஒரு நாள் முழுக்கக் கையில் வைத்துப் பார்க்க அதன் உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். அளந்து, வரைபடம் போட்டு, பிறகு அதே மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது உங்கள் ஆசை. எதை அளப்பது, எந்த வரிசையில் அளப்பது, எதைத் தொடவே கூடாது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அளக்கும் நாளில் "இது அசலா, இல்லையா" என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். அந்தக் கேள்வி மனதில் இருந்தால் கண் அதற்குச் சாதகமானதைத்தான் பார்க்கும். 44.1 மி.மீ. அகலம் என்று காட்டும் நட்டை (தலைப்பக்கம் தந்திகள் ஏறி நிற்கும் பள்ளக் கட்டை) "1¾ அங்குலம் தானே இருக்க வேண்டும்" என்று 44.45 ஆக எழுதிவிடுவோம். நோட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள். இடது பக்கம் கருவி காட்டிய எண், அப்படியே. வலது பக்கம் உங்கள் ஊகம். வலது பக்கத்தை அன்றைக்கு நிரப்பவே வேண்டாம், வீட்டுக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம். ஊகத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அளவை மாற்ற அந்தக் கிட்டார் மறுபடி உங்கள் மேசைக்கு வராது.

உங்கள் முன்னால் இருக்கப்போவது என்ன வகை என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எதை எங்கே தேடுவது என்பது அதைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டரின் பட்டறையிலிருந்து பிரிசிஷன் பேஸ் வெளிவந்தது 1951 கடைசியில். விலை 199.50 டாலர். நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் ஃப்ரெட் கிடையாது. இதில் ஃப்ரெட் (வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான்) இருந்ததால் சுருதி துல்லியமாக விழும் என்பதுதான் பெயருக்கே காரணம். மின் பேஸ் என்ற யோசனை அதற்கு முன்பே இருந்தது. சியாட்டிலில் பால் டுட்மார்க் 1930-களின் நடுவிலேயே ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் ஃப்ரெட் வைத்த, கிட்டார் போல மடியில் பிடித்து வாசிக்கும் பேஸைச் செய்துவிட்டார். ஆனால் அது மிகச் சிலரிடம்தான் போய்ச் சேர்ந்தது. 1953-இல் கிப்சன் வயலின் வடிவத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் ஸ்கேல் (அதிரும் தந்தியின் கணக்குப்படியான நீளம்) 30½ அங்குலம், ஃபெண்டருடையது 34. இன்றைக்கு உலகத்தில் பெரும்பாலான பேஸ்கள் அந்த 34-ஐத்தான் பின்பற்றுகின்றன.

1951 முதல் 1954 வரையிலான பிரிசிஷனுக்கு ஓர் ஆரம்ப உருவம் உண்டு. பாடி ஆஷ் மரத்தில், விளிம்பில் உடம்புக்கு ஏற்ற சரிவு எதுவும் இல்லாமல், பலகை மாதிரித் தட்டையாக இருக்கும். வெளிர் மஞ்சள் லாக்கர், கறுப்பு பிக்கார்டு (பாடியின் முகத்தைக் கீறலிலிருந்து காக்கும் தகடு), ஒரே துண்டு மேப்பிள் நெக் (கழுத்து), 20 ஃப்ரெட், நான்கு காந்தக் கம்பங்கள் வைத்த ஒற்றைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது). தந்திகள் பாடியைத் துளைத்துப் பின்பக்கமாக ஏறி வரும். பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் நான்கு தந்திக்கு இரண்டே சாடில்கள்தான் (தந்தி ஏறி நிற்கும் சிறு தாங்கிகள்), அவையும் அழுத்திய ஃபைபரில். வரிசை எண் பிரிட்ஜ் தகட்டிலேயே பொறித்திருக்கும். சரிவு வைத்த பாடி 1954-இல் வந்தது, இரண்டாகப் பிளந்த பிக்கப் 1957-இல்.

சரி, வேலைக்கு வருவோம்.

மேசையில் விரிக்க வேண்டியது வெறும் பருத்தித் துணி. ரப்பர் பாய், ஃபோம் ஷீட், வினைல் விரிப்பு எதுவும் வேண்டாம். பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் இவற்றோடு சேர்ந்தால் இளகி ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளில் ஆகாது என்று சிலர் சொல்வார்கள், ஆனால் அந்தச் சோதனையைப் பிறர் பொருளில் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. குறி வைப்பதற்காக பாடி மேல் டேப் ஒட்டவே கூடாது. மாஸ்கிங் டேப் ஆனாலும் சரி, உரிக்கும்போது எழுபது வருட லாக்கர் செதிலாகக் கூடவே வந்துவிடும். பெல்ட் கொக்கி, கைக்கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

எஃகு அளவுகோல் வேண்டும், ஆனால் பிக்கப் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். அல்னிகோ காந்தம் அதைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், இழுக்கும் வேகத்தில் பிக்கார்டில் ஒரு கீறல் விழும். அந்த இடத்துக்கு பிளாஸ்டிக் வெர்னியர் போதும். அறையில் ஈரப்பதமானி ஒன்றை வைத்து, காலையிலும் மாலையிலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, ஆனால் இழைக்குக் குறுக்கே நன்றாகவே அசையும். தட்டை அறுப்பில் அறுத்த ஆஷ் பலகை, அதற்குள் இருக்கும் ஈரம் 1 சதவீதம் மாறினால் அகலத்தில் சுமார் 0.27 சதவீதம் மாறும். 330 மி.மீ. அகலத்துக்கு, ஈரம் 2 சதவீதம் மாறினால் கிட்டத்தட்ட 1.8 மி.மீ. கணக்கில் வரும். ஆக, பாடி அகலத்தை இரண்டு தசம இடத்துக்கு எழுதிவிட்டு ஈரப்பதத்தை எழுதாமல் விட்டால் அந்தத் தசம இடங்களுக்கு ஒரு பொருளும் இல்லை.

முதல் மணி நேரம் தந்திகள் சுருதியில் இருக்கும்போதே அளக்க வேண்டியவற்றுக்கு. நான்கு தந்தியும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 70 கிலோ எடை அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. தந்தியைத் தளர்த்திய உடனே நெக்கின் வளைவு மாறத் தொடங்கும், அப்புறம் பழைய நிலையை நினைவிலிருந்து எழுத முடியாது. 12-ஆவது ஃப்ரெட்டில் ஒவ்வொரு தந்தியின் உயரம், முதல் ஃப்ரெட்டில் உயரம், முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவில் ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய தகடு) விட்டு நெக் வளைவு, சாடில்கள் எந்த இடத்தில் நிற்கின்றன, இவ்வளவும் முதலில். தந்தி ஏற்கனவே தளர்ந்து கிடந்தால் நீங்களாக முறுக்கிச் சுருதிக்கு ஏற்றாதீர்கள். உரிமையாளரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் "தளர்ந்த நிலையில்" என்று எழுதிவிட்டு அளந்தால் போதும்.

இனி ஸ்கேல் லெங்த். இங்கேதான் நான் அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் தவறு பெரும்பாலும் நடப்பது இங்கேதான்.

நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அளந்தால் ஸ்கேல் கிடைக்காது. தந்தியை அழுத்தும்போது கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும். அதை ஈடுகட்ட சாடில் எப்போதும் கணக்குப்படியான இடத்தைவிடச் சில மி.மீ. பின்னால்தான் நிற்கும், தடித்த தந்திக்கு இன்னும் பின்னால். இந்தக் கிட்டாரில் இரண்டு தந்திக்கு ஒரு சாடில் என்பதால் அதுவும் ஒரு சமரச இடம்தான். அதனால் எல்லாரும் சொல்லும் வழி, நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குவது. புதிய கிட்டாருக்கு அது சரி. பழையதில் நட் மாற்றியிருக்கலாம், நட்டின் முன்முகம் தேய்ந்திருக்கலாம். வெகு காலத்துக்கு முன் நான் ஒரு பழைய பேஸை அப்படித்தான் அளந்தேன். 433.3 வந்தது, இரட்டித்தால் 866.6. அதை நம்பி வரைபடம் போட்டு, மரத்தையும் அறுத்துவிட்டேன். அந்த நட்டை யாரோ மாற்றியபோது முன்முகம் ஒன்றரை மி.மீ. பின்னால் போயிருக்கிறது, அது இரட்டித்து 3 மி.மீ. ஆகிவிட்டது. அசல் ஸ்கேல் 863.6, அதாவது சரியாக 34 அங்குலம். அந்த மேப்பிள் பலகை வீணாய்ப் போனதைவிட, அந்தத் தவறான வரைபடத்தை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்தல்.

அதன் பிறகு நான் நட்டை நம்புவதே இல்லை. ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்கு அளக்கிறேன். ஃப்ரெட்டுக்கான பள்ளம் ஒரு முறை அறுத்தால் அறுத்ததுதான், அதை யாரும் நகர்த்த முடியாது. எந்த ஃப்ரெட்டிலிருந்து எண்ணினாலும் அதற்குப் பன்னிரண்டு தள்ளி இருக்கும் ஃப்ரெட், மிச்சத் தந்தி நீளத்தைச் சரி பாதியாக வெட்டும். இந்த ஒரு விஷயத்தை வைத்து மூன்று இடத்தில் சோதிக்கலாம். 1-இலிருந்து 13 வரையிலான தூரத்தை 2.1189-ஆல் பெருக்குங்கள். 3-இலிருந்து 15 வரையிலானதை 2.3784-ஆல். 8-இலிருந்து 20 வரையிலானதை 3.1748-ஆல். 34 அங்குல ஸ்கேல் என்றால் இந்தத் தூரங்கள் முறையே 407.6, 363.1, 272.0 மி.மீ. அளவில் இருக்கும். மூன்று பெருக்கலும் ஒரே விடையைத் தந்தால் ஸ்கேல் அதுதான். அப்புறம் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் வரை அளந்து பாருங்கள், 48.5 அருகில் வர வேண்டும். வராவிட்டால் நட் நகர்ந்திருக்கிறது என்று பொருள். நட்டை வைத்து ஸ்கேலைக் கண்டுபிடிக்காமல், ஸ்கேலை வைத்து நட்டைச் சோதிக்கிறோம்.

மூன்று விடையும் ஒன்றாக வராமல் படிப்படியாக ஏறிக்கொண்டே போனால் வேறு விஷயம். பழைய கைவினைஞர்கள் பலர் ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் மிச்ச நீளத்தை 18-ஆல் வகுத்து இடம் குறித்தார்கள். சரியான எண் 17.817. இந்தச் சின்ன வித்தியாசம் ஒவ்வொரு ஃப்ரெட்டாகச் சேர்ந்து, 34 அங்குல ஸ்கேலில் 12-ஆவது ஃப்ரெட் வரும்போது 3.1 மி.மீ. குறைந்துவிடும். அப்படிக் குறித்த நெக்கில் மேலே சொன்ன மூன்று பெருக்கலும் 857.8, 858.9, 861.5 என்று ஏறும். உங்கள் ஃபெண்டருக்கு இது தேவைப்படாமல் போகலாம். ஆனால் போருக்கு முந்திய சிறு பட்டறைக் கருவி ஒன்று என்றாவது கைக்கு வந்தால் நட்டிலிருந்து 12 வரை அளந்து இரட்டிக்கும் வழி உங்களைக் கைவிடும் இடம் இதுதான்.

அளக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு ஃப்ரெட் இடைவெளியாக அளந்து கூட்டாதீர்கள், இருபது சின்னப் பிழைகள் சேர்ந்து ஒரு பெரிய பிழை ஆகும். நீண்ட அளவுகோலை ஒரே இடத்தில் வைத்து, அசைக்காமல், எல்லா ஃப்ரெட்டின் இடத்தையும் வரிசையாகப் படியுங்கள். ஃப்ரெட்டின் உச்சியைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், தேய்ந்த ஃப்ரெட்டில் உச்சி என்பதே தட்டையான ஒரு பட்டைதான். அதனால் நெக்கின் ஓரத்தில் பாருங்கள். மேப்பிளில் அறுத்த பள்ளமும் அதற்குள் ஃப்ரெட்டின் அடிநாக்கும் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். கோட்டுக்குக் கோடு அளந்தால் போதும். நெக் அகலமாகிக்கொண்டே போவதால் ஓரம் கொஞ்சம் சாய்வுதானே என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 12 ஃப்ரெட் தூரத்துக்கு அந்தச் சாய்வு தரும் பிழை 0.05 மி.மீ. கூட வராது.

ஓரத்தில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்து ஃபெண்டரில் ஃப்ரெட்டை மேலிருந்து அடித்து இறக்கவில்லை, பக்கவாட்டில் பள்ளத்துக்குள் தள்ளினார்கள். அது தெரியாமல் பின்னாளில் யாராவது மேல்நோக்கிப் பிடுங்கியிருந்தால் பள்ளத்தின் இரு கரையிலும் மேப்பிள் சிறு சிறு செதில்களாகப் பெயர்ந்திருக்கும், அதை மெழுகியோ லாக்கர் விட்டோ நிரப்பியிருப்பார்கள். பூதக்கண்ணாடியில் ஒரு ஃப்ரெட்டுக்கு ஐந்து வினாடி போதும். செதில் இருந்தால் ஃப்ரெட் மாற்றியது என்று எழுதுங்கள், ஃப்ரெட் உயரத்தை அளந்தாலும் வரைபடத்தில் சேர்க்காதீர்கள்.

நெக்கின் அகலம், கனம் இரண்டையும் நட் அருகிலும் 1, 5, 7, 12-ஆவது ஃப்ரெட்களின் அருகிலும், கடைசியில் அடிப்பகுதியிலும் எடுங்கள். கனத்தை இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே, மரத்திலிருந்து மரத்துக்கு எடுக்க வேண்டும். விரல்பலகையின் வளைவு 7¼ அங்குல ஆரம், அதாவது 184 மி.மீ. என்று புத்தகக் கணக்கு சொல்லும். ரேடியஸ் கேஜை வைத்துப் பார்த்தால் பல இடத்தில் அதைவிடத் தட்டையாக இருக்கும், ஏனென்றால் ஃப்ரெட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் யாராவது கொஞ்சம் இழைத்திருப்பார்கள். பின்பக்க வளைவுக்கு ஊசி வரிசை கேஜ் பயன்படுத்தினால் பிளாஸ்டிக் ஊசி உள்ளதாக இருக்கட்டும், இடையில் ஒரு மெல்லிய தாளையும் விடுங்கள். இரும்பு ஊசி லாக்கரில் புள்ளி புள்ளியாகத் தடம் பதிக்கும்.

பாடி வடிவத்துக்குப் பலரும் ஒரு ஃபோட்டோ எடுத்துக் கணினியில் ஏற்றி, அதன் மேல் கோடு போடுகிறார்கள். தவறில்லை, ஆனால் அளவுகோலை எங்கே வைத்தீர்கள் என்பது முக்கியம். மேசை மேல் அளவுகோல், அதன் பக்கத்தில் கிட்டார், ஒரு மீட்டர் உயரத்தில் கேமரா என்று வையுங்கள். பாடியின் கனம் 44 மி.மீ. என்றால் அதன் மேல்முகம் மேசையைவிடக் கேமராவுக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது, அதனால் படத்தில் 4 சதவீதத்துக்கும் மேலாகப் பெரிதாகத் தெரியும். 330 மி.மீ. அகலத்தில் அது கிட்டத்தட்ட 15 மி.மீ. பிழை! அளவுகோலை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துப் பாடியின் மேல்முகத்துக்குச் சமமாக உயர்த்துங்கள். கேமராவை முடிந்த அளவு தூரம் தள்ளி வைத்து லென்ஸை ஜூம் செய்துகொள்ளுங்கள். படத்தைச் சரிபார்க்க, மேல் புடைப்பு, நடு இடுப்பு, கீழ் புடைப்பு அகலங்களை வெர்னியரில் தனியாக எடுத்துவிடுங்கள்.

மையக்கோட்டுக்கு நட்டின் நடுவிலிருந்து ஒரு மெல்லிய நூலை இழுத்துப் பிரிட்ஜின் நடுவே கொண்டுபோங்கள். அது பாடியின் நடுவில் விழும் என்று நம்பிவிடாதீர்கள். நெக் நான்கு திருகில் நிற்கிறது, பாக்கெட்டில் (பாடியில் நெக் உட்காரும் குழி) அரை மி.மீ. இடைவெளி இருந்தாலே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் நெக்குக்கு ஒரு மையக்கோடு, பாடிக்கு ஒரு மையக்கோடு. பாடியினுடையதைப் பின்பக்கம் தந்தி நுழையும் நான்கு துளைகளிலிருந்து எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் ஓர் அளவாகவே எழுதிவையுங்கள்.

மதியத்துக்குப் பிறகு மூடிகள். பிக்கப் மேலும் பிரிட்ஜ் மேலும் குரோம் மூடிகள் அப்படியே இருந்தால் அதிர்ஷ்டம்தான். அதைக் கழற்றியதும் கீழே வெளிச்சம் படாத லாக்கர் இருக்கும், கிட்டார் வெளிவந்த நாளில் அதன் நிறம் என்ன என்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் மிக நெருங்கிய சாட்சி அதுதான். இயற்கை வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்துப் படம் எடுங்கள். தந்தியின் கீழே தனியாக நிற்கும் சின்ன விரல்பிடி கட்டையையும் பாருங்கள். அன்றைக்குப் பெரும்பாலும் கட்டைவிரலால்தான் மீட்டினார்கள், மற்ற விரல்களை அந்தக் கட்டையில் பிடித்துக்கொண்டார்கள். தேய்மானம் அந்தக் கைப்பழக்கத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் பேஸ் வாசித்த மங்க் மான்ட்கோமரி போன்றவர்கள் இரவுக்கு இரவு மேடையில் உழைத்த கருவி இது. நியாயமான தேய்மானம் அதன் வரலாற்றில் ஒரு பக்கம், அதையும் வரைபடத்தில் குறித்துவையுங்கள்.

திருகுகளைக் கழற்றும் முன் தலையைப் பாருங்கள். மிக ஆரம்பக் காலத்தில் ஒற்றைக் கோடு திருகுகள், 1952, 53 வாக்கில் மெல்ல மெல்லப் பிலிப்ஸ் தலைக்கு மாறின. ஒரு கனத்த அட்டையில் கிட்டாரின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்திவையுங்கள். திரும்பப் போடும்போது முதலில் இடதுபுறமாக மெதுவாகச் சுற்றுங்கள். பழைய புரியில் டக்கென்று விழும் உணர்வு விரலில் தெரியும், அதன் பிறகு வலதுபுறம் முடுக்குங்கள். இந்த ஒரு பழக்கம் எழுபது ஆண்டு பழைய ஆஷ் மரத்தைப் புதுப் புரி விழாமல் காப்பாற்றும்.

உள்ளே போனதும் முதல் வேலை, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. மாஸ்கிங் டேப்பில் பென்சில் கையெழுத்து இருக்கலாம், ரவுட்டர் (மரத்தில் குழி குடையும் இயந்திரம்) விட்டுப்போன தடம் இருக்கும். லாக்கர் காயும்போது பாடியைத் தாங்கி நின்ற ஆணிகளின் துளைகள் ஐம்பதுகளின் ஃபெண்டர் பாடிகளில் இருக்கும். அந்தத் துளைக்குள் வெறும் மரம் தெரிய வேண்டும். லாக்கர் வழிந்து உள்ளே போயிருந்தால் பாடிக்கு மறுபடி வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்பதற்கு அது வலுவான அறிகுறி.

வால்யூம், டோன் பாட்களின் (குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடைகள்) முதுகில் எண் பொறித்திருக்கும். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் நிறுவனத்தினுடையது. அதற்கு அடுத்த எண் ஆண்டின் கடைசி இலக்கம், பின்னால் வரும் இரண்டும் வாரம். 304132 என்றால் 1951-இன் 32-ஆவது வாரம். இதை வைத்துக் கிட்டார் எந்த வாரம் பிறந்தது என்று சொல்ல முடியாது. அந்த வாரத்துக்கு முன் பிறக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம். பாட் பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம். பாட்டின் தேதி நெக்கின் தேதிக்குக் கொஞ்சம் முந்தி இருந்தால் இயல்பு. பிந்தி, அதுவும் வருடக்கணக்கில் பிந்தி இருந்தால் பாட் மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

சால்டர் செய்த இணைப்பு ஒன்றைக்கூடப் பிரிக்காதீர்கள். தொழிற்சாலையில் வைத்த சால்டரை ஒரு முறை உருக்கிவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. பிக்கப்பின் மின்தடையை அளக்கப் பிரிக்கவும் தேவையில்லை. ஜாக்கில் ஒரு கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்க வைத்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். டோன் பாட்டுக்கு முன்னால் கெபாசிட்டர் இருப்பதால் அது நேர்மின்னோட்டக் கணக்கில் வராது. வால்யூம் பாட் மட்டும் பிக்கப்புக்கு இணையாக நிற்கும். பாட் 250 கிலோ ஓம், மீட்டர் காட்டுவது 7.28 கிலோ ஓம் என்றால் பிக்கப் 7.5. அந்தப் பாட் தன் பெயர் எண்ணிலிருந்து 20 சதவீதம் கூடவோ குறையவோ இருந்தாலும் மீட்டர் எண் 0.05 அளவுக்குத்தான் நகரும். அதைவிடப் பெரிய பிழை வெப்பத்திலிருந்து வரும். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும், பத்து டிகிரிக்கு 7.5 கிலோ ஓம் சுருள் 0.3 கூடுதலாகக் காட்டும். ஆகவே மின்தடைக்குப் பக்கத்தில் அறை வெப்பநிலையையும் எழுதுங்கள். காந்தம் எந்தத் துருவம் மேலே என்பதற்கு ஒரு சின்ன திசைகாட்டியைச் சற்றுத் தூரத்தில் பிடித்தால் போதும். வலுவான நவீனக் காந்தம் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள், பழைய அல்னிகோ அதில் பலம் இழக்கும்.

புற ஊதா விளக்கு இருந்தால் அறையை இருட்டாக்கி ஒரு சுற்று பாருங்கள். வயதான நைட்ரோ லாக்கர் மஞ்சளும் பச்சையும் கலந்தாற்போல ஒளிரும். பின்னால் தொட்டு அடித்த இடங்கள் திட்டுத் திட்டாக வேறு மாதிரித் தெரியும். ஐந்து நிமிட வேலை.

நெக்கைக் கழற்றுவதா? இதில் எல்லாரும் ஒத்துப்போக மாட்டார்கள். கழற்றினால் அடிப்பகுதியில் பென்சில் தேதி கிடைக்கலாம். சிலவற்றில் "டி.ஜி." என்ற எழுத்துகள் இருக்கும், நெக்குகளைச் செதுக்கிய டாடியோ கோமஸின் அடையாளம். பாக்கெட்டின் ஆழமும் கிடைக்கும், வரைபடத்துக்கு அது இல்லாமல் முடியாது. இந்த வகை நெக்கில் ட்ரஸ் ராட்டை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் கம்பி) திருப்பும் முனை அடியில் இருப்பதால், எழுபது வருடத்தில் யாராவது எப்படியும் இதைப் பல முறை அசைத்திருப்பார்கள். அதனால் உரிமையாளர் முகம் சுளிக்காமல் சம்மதித்தால் ஒரே ஒரு முறை, நாளின் கடைசி வேலையாகக் கழற்றுங்கள் என்பது என் கருத்து. அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். பாக்கெட் ஆழத்தை வெளியிலிருந்தே கணக்கிடலாம்: நெக்கின் அடி கனம் தெரியும், பாடி முகத்துக்கு மேலே அது எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதும் தெரியும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும். கழற்றினால் பாக்கெட்டின் தரையில் ஒரு துண்டு அட்டையோ மெல்லிய ஃபைபரோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நெக்கின் கோணத்தை மாற்ற வைத்த ஷிம் அது. குப்பை என்று நினைத்துத் துடைத்து எறிந்துவிடாதீர்கள். எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று படம் எடுத்து, கனத்தை அளந்து, அதே இடத்தில் திரும்ப வையுங்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, தந்திகளைக் காலையில் இருந்த அதே சுருதிக்கு ஏற்றி, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். நெக் மெதுவாக இழுவைக்கு இணங்கட்டும். பிறகு காலையில் எழுதிய முதல் பக்கத்தைத் திறந்து, 12-ஆவது ஃப்ரெட்டில் தந்தி உயரத்தையும் நெக் வளைவையும் மறுபடி அளந்து அந்த எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கிட்டாரைப் பெட்டியில் வையுங்கள். தந்தி உயரம் கால் மி.மீ.க்கு மேல் மாறியிருந்தால் பெரும்பாலும் ஷிம் நகர்ந்திருக்கும், அல்லது நெக் பாக்கெட்டில் முழுதாக உட்கார்ந்திருக்காது. நான்கு திருகையும் ஒரு சுற்றுத் தளர்த்தி, தந்தி இழுவையிலேயே நெக்கைப் பாக்கெட்டின் உள்முனை வரை போய் அமரவிட்டு, திரும்ப முடுக்கி, மறுபடி அளந்து பாருங்கள்.